ஆணி அடித்த வரப்பு

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மைக் செட் கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை என்றால் கல்யாண வீட்டுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் குழாய் ஒலிபெருக்கியைத் தலையில் சுமந்து போவது, மரத்தில் ஏறிக் கட்டுவது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது. அதற்கு முன் பஸ்ஸில் கிளீனராக இருந்தேன். அதற்கும் முன் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் பஞ்சு மூட்டை தூக்கினேன். இருமல் வந்ததும் விட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. எந்த ஊரிலும் அடுத்தடுத்து இரண்டு பொங்கல் கொண்டாடியது கிடையாது. படுக்கை கடை வாசலில், ஒலிபெருக்கிகளுக்கு நடுவில். மழை பெய்தால் ஒரு குழாயை இழுத்து அதற்குள் தலையை விட்டுக்கொள்வேன். தலை நனையாமல் இருந்தால் போதும், உடம்பு காய்ந்துவிடும்.

ஒரு நாள் காலையில் கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. மெட்ராஸிலிருந்து வந்த ஓர் அதிகாரி இறங்கினார். குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் துணி, ரத்தக்கறை, தோட்டா இவற்றையெல்லாம் சோதித்துப் பார்க்கும் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. குட்டையான மனிதர். இடது காது மந்தம். பேசும்போது வலது காதை நம் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். ஜீப்பின் பின்னால் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே இருந்த மிஷின் பேசமாட்டேன் என்கிறது, பார்க்க முடியுமா என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார்.

பெட்டியைத் திறந்தேன். நீளமான ஒரு கம்பு. அதன் நுனியில் தோசைக்கல் போல ஒரு வட்டத் தட்டு. முதுகில் மாட்டிக்கொள்ளும் பெட்டி ஒன்று. காதில் மாட்டும் ஹெட்போன். ராணுவத்தில் கண்ணிவெடி தேடிய மிஷினாம். பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. கத்தியால் சுரண்டி, கம்பியை முறுக்கி, ஹெட்போனைக் காதில் வைத்தேன். உள்ளே வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம். தட்டைத் தற்செயலாகத் தரையில் கொண்டுபோனேன். ரீங்காரம் திடீரென்று விசிலாக ஏறியது. துள்ளிவிட்டேன். கால் விரலால் மண்ணைக் கிளறினால், எப்போதோ தொலைத்த திருகாணி ஒன்று கிடந்தது.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்கு மேல். ஆனாலும் கடை வாசல் முழுக்கத் தட்டை வைத்துக்கொண்டு அலைந்தேன். சோடா மூடி, ஊசி, ஓட்டைக் காலணா. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் காதுக்குத் தெரிந்தது. முதலாளி, "ஏலே, போதும்டா, கடைய நோண்டிப் போட்டுறாத" என்று கத்தினார்.

அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார். "எனக்குக் காது சரியில்லப்பா. இதைத் தூக்கிக்கிட்டு என்கூட வர்றியா? நீ கேட்டுச் சொன்னா நான் எழுதிக்கிறேன்."

அந்த நிமிஷமே வண்டியில் ஏறிவிட்டேன். எடுத்துக்கொள்ள என்னிடம் ஒரு துண்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அவருடைய வேலை கேள்வி கேட்பது. ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனாகப் போக வேண்டும். வெட்டுக்குத்து நடந்த இடத்தில் கத்தியையோ தோட்டாவையோ இப்போது எப்படித் தேடுகிறீர்கள், கிடைக்கிறதா, இப்படி ஒரு மிஷின் கொடுத்தால் உபயோகிப்பீர்களா என்று கேட்க வேண்டும். பதில்களைத் தொகுத்து மேலே அனுப்பினால் மிஷின் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனது. அதுவரை போலீஸ்காரர் கேள்வி கேட்பதைத்தான் பார்த்திருக்கிறேன். போலீஸ்காரரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதை அப்போதுதான் பார்த்தேன்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு வயதான ஏட்டையா சொன்னார்: "கத்திதானுங்களே? பொம்பளையாளு நாலு பேரக் கூட்டியாந்து, மண்ண அள்ளிச் சொளகுல பொடைக்கச் சொல்லுவோம், கடலை பொடைக்கிற மாதிரி. ஒருக்கா அப்படிப் பொடைச்சதுல ஒரு மூக்குத்தி கெடச்சுதுங்க."

"யாரோடது?"

"பொடைச்ச பொம்பளையோடதுதானுங்க."

இன்னொரு இடத்தில், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி விடுவோம் என்றார்கள். "ஊரு வாளி அம்புட்டும் மேல வந்துருச்சு சார். கத்திதேன் வரல. ஆனா அந்த ஊருல எங்களுக்கு நல்ல பேரு."

வேறொரு ஸ்டேஷனில் ஒருவர் கேள்வியை முடிக்கவே விடவில்லை. "தேடுறது எதுக்கு சார்? நாலு தட்டுத் தட்டுனா அவனே கொண்டாந்து குடுப்பான்."

"அவன்கிட்ட இல்லைன்னா?" என்றார் அதிகாரி.

"அப்பவும் குடுப்பான் சார். எங்கயாச்சும் வாங்கியாவது குடுப்பான்."

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். வண்டியில் திரும்பும்போது தாளையே புரட்டிக்கொண்டு வந்தார். அப்புறம், "இதை எப்படிப்பா எழுதுறது?" என்றார். எனக்குத் தெரியுமா?

கன்னிவாடிக்கும் சித்தையன்கோட்டைக்கும் நடுவில் இருந்த பகுதியைக் கவனித்த ஒரு ஸ்டேஷனுக்கு அடுத்ததாகப் போனோம். பெயர் வேண்டாம். அங்கே இருந்த சப் இன்ஸ்பெக்டர் மீசையும் சிரிப்புமாக நல்ல தாட்டியான ஆள். கேள்வியைக் கேட்டதும், "கேள்வி கெடக்கட்டும் சார், மொதல்ல மிஷினக் காட்டுங்க" என்றார். தட்டை அவருடைய பூட்ஸ் பக்கம் கொண்டுபோனேன்; கத்தியது. இடுப்பு பெல்ட், கத்தியது. ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை.

"யோவ், ஏட்டு வயித்துல வைய்யா. போன மாசம் பீரோ சாவியக் காணோம்."

ஏட்டு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வைங்க ஐயா. மிச்சர் பொட்டலம்தேன் கத்தும்" என்றார்.

இந்தச் சிரிப்பையெல்லாம் கேட்டுக்கொண்டு வெளியே புங்கமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். மண் படிந்த கண்டாங்கிச் சேலை. சிரிப்பு அடங்கவும் எழுந்து வாசல்படி வரை வந்துவிட்டாள்.

"ஐயா, மண்ணுக்குள்ள இரும்பு கெடந்தா இது சொல்லுமா?"

சப் இன்ஸ்பெக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "போம்மா அந்தப் பக்கம்" என்றார்.

"அப்ப எங்க காட்டுக்குக் கொண்டாங்கய்யா. எங்க ஆளு மம்பட்டிதேன் வச்சிருந்தாரு. அருவா அவுககிட்டத்தேன் இருந்துச்சு. அந்த அருவா அங்கனதேன் கெடக்கு. சாமி சத்தியமாக் கெடக்கு."

அதிகாரி நல்ல காதைத் திருப்பி, "என்ன விஷயம்?" என்றார்.

விஷயம் இதுதான். அவள் புருஷனும் அவனுடைய பங்காளி, பெரியப்பா மகனும், பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவரும் ஒரே கிணற்றில் பங்குக்காரர்கள். ஆயில் என்ஜின் போட்ட கிணறு. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால், பொழுது சாயும் நேரம், தண்ணீர் மடையைத் திருப்புவதில் அண்ணன் தம்பி இருவருக்கும் சண்டை. பெரியப்பா மகனான அண்ணன் தலையில் மம்பட்டி வெட்டு. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனார்கள், விடிவதற்குள் முடிந்துவிட்டது. தம்பி ஓடவில்லை. மம்பட்டியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தானாம். 'அண்ணன் அரிவாளால் வெட்ட வந்தார், மம்பட்டியால் தடுத்தேன், அரிவாள் தெறித்தது, மறுபடியும் கழுத்தை நெரிக்க வந்தார், வீசிவிட்டேன்' என்று ஒரே வாக்காகச் சொன்னான். ஆனால் அரிவாள் கிடைக்கவில்லை. அரிவாள் இருந்தால் உயிருக்குப் பயந்து செய்தது. இல்லாவிட்டால் கொலை, தூக்கோ ஆயுளோ. ஆள் திண்டுக்கல் சப் ஜெயிலில் இருந்தான்.

"தேடாம இல்ல சார்" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "ஆளு விட்டுக் காட்டக் கொத்திப் பாத்தாச்சு. கெணத்த எறச்சுப் பாத்தாச்சு. அப்பிடி ஒண்ணு இருந்தாத்தான சார் கெடைக்கும்?"

அதிகாரி எழுந்து சட்டையை இழுத்துவிட்டார். "உங்ககிட்ட நான் கேட்க வந்த கேள்விக்கு அங்கேயே பதில் தெரிஞ்சுடும். வாங்க போகலாம்."

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. சோடா மூடிக்கும் திருகாணிக்கும் கத்திய மிஷின், ஓர் ஆளைத் தூக்குக் கயிற்றிலிருந்து இறக்கப்போகிறது! ஜீப் குழியில் விழுந்து எழுந்ததெல்லாம் எனக்குத் தெரியவில்லை. பெட்டியை மடியில் வைத்துக் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போவதற்குள் செய்தி போய்விட்டது. வரப்பு நெடுகப் பாதி ஊர் நின்றது. ஒரு பக்கம் தம்பியின் கத்தரி. இன்னொரு பக்கம் அண்ணனின் கனகாம்பரம், பறிக்க ஆளில்லாமல் செடியிலேயே வதங்கியிருந்தது. செத்தவன் நிலமும் ஜெயிலில் இருப்பவன் நிலமும் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்தன. தாண்டி மூன்றாவது பங்குக்காரரின் வெங்காயம் மட்டும் பச்சென்று நின்றது. நடுவில் வாய்க்கால். மடை ஓரத்தில்தான் சண்டை நடந்தது என்று ஏட்டு காட்டினார்.

பெட்டியை முதுகில் கட்டி, ஹெட்போனை மாட்டினேன். முதல் தடவை தட்டை மண் மேல் ஓட்டியதும் காது கிழிவது போல விசில்.

"இருக்கு சார்!" என்று கத்தினேன்.

கூட்டம் ஓவென்று சத்தம் போட்டது. அந்தப் பெண் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். ஏட்டு மண்ணைப் பறித்தார். உள்ளே விரலைவிட நீளமாக ஒரு ஆணி. தலையில் கறுப்புக் கயிறு சுற்றி, மஞ்சள் பூசியிருந்தது. ஏட்டு அதைத் தொடப் போனவர் நெருப்பில் வைத்தது போலக் கையை இழுத்துக்கொண்டார்.

ஓர் அடி தள்ளித் தட்டை வைத்தேன். மறுபடி விசில். இன்னும் தள்ளி. மறுபடி. வரப்பு முழுக்க, மடையைச் சுற்றி, கிணற்றுக்குப் போகும் தடம் வரை ஒரே விசில். எங்கே வைத்தாலும் கத்தியது.

கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் சின்ன உடுக்கை. ஊர்க் கோடாங்கி, பேய் ஓட்டுகிறவர். "தொடாதீக! அம்புட்டும் நான் அடிச்ச ஆணி" என்றார்.

பிறகுதான் விளங்கியது. அடிபட்டுச் செத்தவன் ரத்தம் விழுந்த இடத்திலேயே சுற்றுவான், கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வரும் பெண்களைப் பிடிப்பான் என்று ஊர் பயந்திருக்கிறது. காரியம் முடிந்த கையோடு கோடாங்கியைக் கூப்பிட்டு, ரத்தம் சிந்திய இடத்தைச் சுற்றியும் தடம் நெடுகவும் மந்திரித்து ஆணி அடித்துவிட்டார்கள். போலீஸ் கொத்தித் தேடியது அதற்கு முன்னால்தான். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை இருக்கும் தெருவிலிருந்து சாக்கில் கொண்டுவந்த ஆணியாம். கோடாங்கி அதைப் பெருமையாகச் சொன்னார். "துருப் பிடிக்காத ஆணி."

அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். "இத்தனை ஆணிக்கு நடுவில் ஒரு அரிவாளை இது எப்படிச் சொல்லும்? இரும்புன்னுதான் சொல்லும். எந்த இரும்புன்னு சொல்லாது. புடுங்கணும்."

"புடுங்குனா அவன் எந்திரிச்சிருவான்" என்றார் கோடாங்கி. "அதுக்கப்புறம் ஊருக்கு நான் பொறுப்பில்ல. இப்பவே சொல்லிட்டேன்."

அதிகாரி சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு, "ஐயா, ரிவால்வர எடுத்துட்டு வான்னா வாரேன். கள்ளனப் புடின்னா போறேன். இது ஆகாதுங்கய்யா. எனக்குச் சின்னப் புள்ளைக இருக்கு" என்று இரண்டடி பின்னால் போனார். மற்ற கான்ஸ்டபிள்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

நான் பெட்டியைக் கழற்றினேன். எனக்கு ஊர் கிடையாது, வீடு கிடையாது. பேய் பிடிக்க வந்தாலும் எந்த விலாசத்துக்கு வரும்? குனிந்து முதல் ஆணியைப் பிடித்தேன். உடனே வரப்பிலிருந்து சத்தம்: "ஏலே, கைய எடு! அசலூர்க்காரனுக்கு என்னடா இங்க வேல?" ஒரு மண்கட்டி முதுகில் விழுந்தது. சப் இன்ஸ்பெக்டர் லத்தியைத் தூக்கினார். கொஞ்சம் விட்டிருந்தால் அங்கே இன்னொரு வழக்கு பிறந்திருக்கும்.

அந்தப் பெண் நடுவில் வந்து நின்றாள். "யாரும் தொட வேணாம். அக்காகிட்டக் கேட்டுட்டு வாரேன்" என்றாள். அக்கா என்றது செத்தவனின் மனைவியை. சொல்லிவிட்டு ஊரைப் பார்த்து ஓடினாள். அப்படி ஒரு ஓட்டம்.

நாங்கள் வெயிலில் நின்றோம். புருஷனை இழந்தவள் வெளியே வரும் காலம் இல்லை அது. மூலையில் உட்கார்ந்திருக்கிற மாதம். அதிலும் தன் புருஷனை வெட்டியவனின் மனைவி போய்க் கூப்பிட்டால் வருவாளா? கோடாங்கி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார். "வரமாட்டா. கதவ அடச்சுருப்பா."

வந்தாள். ஒல்லியான, உயரமான பெண். வெறும் கழுத்து, வெறும் கை. முன்னால் அவளும் பத்தடி பின்னால் கூப்பிடப் போனவளுமாக வந்தார்கள். கூட்டம் விலகி வழி விட்டது. கோடாங்கி எழுந்து, "ஆத்தா, புடுங்குனா ஒம் புருசன் சுத்த ஆரம்பிச்சுருவான்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். "சுத்துனா எங்க வருவாரு? என் வீட்டுக்குத்தான வருவாரு? வரட்டும். அவருகிட்ட எனக்கு நாலு வார்த்த கேக்க வேண்டியிருக்கு."

அவளே குனிந்து முதல் ஆணியைப் பிடுங்கி வரப்பில் போட்டாள்.

அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? கூப்பிடப் போனவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று பிடுங்கத் தொடங்கினோம். சிலது கையோடு வந்தது, சிலதைக் கடப்பாரையால் நெம்ப வேண்டியிருந்தது. என் உள்ளங்கை கிழிந்தது, மண்ணைத் தேய்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரியும் கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கினார். அப்புறம் சப் இன்ஸ்பெக்டர், ஏட்டைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். கோடாங்கி மட்டும் ஒவ்வோர் ஆணியையும் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். "எண்ணி அடிச்சது. ஒண்ணு கொறஞ்சாலும் வம்பு."

மறுபடி பெட்டியை மாட்டினேன். வரப்பின் மேல் தட்டை ஓட்டினால் இப்போது வெறும் ரீங்காரம். ரத்தம் சிந்திய இடத்தில் ரீங்காரம். கத்தரிக்குள் இறங்கினேன். ஒன்றும் இல்லை. திரும்பினால் திடீரென்று விசில். குதித்துவிட்டேன். பார்த்தால், ஜெயிலில் இருப்பவன் மனைவி ஆர்வத்தில் என் தோளை ஒட்டி வந்து நிற்கிறாள்.

"அம்மா, செத்த தள்ளிப் போங்க. உங்க தாலி கத்துது" என்றேன்.

அவள் தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். "கத்தட்டும்யா. அதுக்காகத்தேன் வந்திருக்கேன்" என்றாள். ஆனாலும் தள்ளிப் போனாள்.

காடு முழுக்கப் பார்த்தாயிற்று. ஒரு லாடமும் ஒரு கலப்பைக் கொழுவின் துண்டும் கிடைத்தன. ஒவ்வொரு தடவையும் கூட்டம் முன்னால் சாய்ந்தது, பின்னால் போயிற்று. சப் இன்ஸ்பெக்டர் பூட்ஸை மாட்ட ஆரம்பித்தார். அந்தப் பெண் என் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதற்குள் இருந்து ஏதோ வெளியே விழப்போவது போல. இனி எங்கே தேடுவது?

திரும்பி வரும்போது வாய்க்காலைத் தாண்ட வேண்டியிருந்தது. கம்பைக் கீழே தொங்கவிட்டபடி மடையின் மேல் கால் வைத்தேன். தட்டு மடை மண்ணை உரசியது. காதில் விசில். ஆணியின் விசில் போல் ஒல்லியாக இல்லை. தட்டை நகர்த்த நகர்த்த நீண்டுகொண்டே போனது. ஒரு முழம் நீளத்துக்கு அது விடவில்லை.

"சார்" என்றேன். கத்த வரவில்லை. "சார், இங்க."

"அது மடைப்பா. அங்க எப்படி?" என்றார் அதிகாரி.

கூட்டத்தில் நின்ற மூன்றாவது பங்குக்காரர், பெரியவர், அப்போதுதான் வாயைத் திறந்தார். "அந்த மடைய அடச்சது நாந்தேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"மறுநா என் மொற. கோழி கூப்புட வந்தேன். மடை தெறந்து கெடந்துச்சு. தண்ணி இவுக காட்டுக்குப் போயிரும்ல? இருட்டுக்குள்ள மண்ண வெட்டிப் போட்டு மிதிச்சு அடச்சேன். என் வெங்காயத்துக்குத் திருப்பிக்கிட்டேன். கீழ என்ன கெடந்துச்சுன்னு எனக்கு என்னய்யா தெரியும்?"

"அப்ப வெட்டுப்பட்டது தெரியுமா உமக்கு?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"தெரியும். அதுக்காக மொறத் தண்ணிய விட்டுற முடியுமா?"

ஒருவரும் அவரைத் தப்பாகப் பார்க்கவில்லை. அங்கே அது அப்படித்தான். ஆள் செத்தாலும் முறை நிற்காது. அன்றிலிருந்து அந்த மடையை யாரும் திறக்கவில்லை. அந்தப் பக்கம் பாய்ச்ச ஆளில்லை. வரப்போடு வரப்பாகக் காய்ந்து இறுகிவிட்டது. போலீஸ் தேடியபோதும் காட்டைக் கொத்தினார்களே ஒழிய, ஓடுகிற வாய்க்காலின் மடையை உடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மம்பட்டி ஒன்றை வாங்கிச் சப் இன்ஸ்பெக்டரே வெட்டினார். மூன்றாவது வெட்டில் கணீரென்றது. மண்ணோடு மண்ணாக ஓர் அரிவாள். அதிகாரி யாரையும் தொடவிடவில்லை. கைக்குட்டையால் எடுத்து, வாயால் ஊதி, வெயிலில் தூக்கிப் பிடித்தார். விளிம்பில் ஓர் இடத்தில் பல் உடைந்து வளைந்திருந்தது. அவர் முகம் பள்ளிக்கூடத்துப் பையனின் முகம் போல ஆகிவிட்டது.

"அந்த மம்பட்டி ஸ்டேஷனில் இருக்கா? அதில் எங்காவது வெட்டுக்காயம் மாதிரி அடையாளம் இருக்கா?"

"இருக்கு சார்" என்றார் சப் இன்ஸ்பெக்டர், மெதுவாக. "எலைக்கு மேல, காம்புக்கிட்ட. கல்லுல பட்டதுன்னு நெனச்சோம்."

ஆனால் அரிவாள் யாருடையது? அந்த ஊரில் அரிவாள் இல்லாத வீடு உண்டா? கைப்பிடியில் செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தது, என்ஜின் ரிப்பேரில் மிஞ்சுகிற கம்பி. அதிகாரி அதைச் செத்தவன் மனைவியிடம் காட்டவில்லை. காட்ட அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். அவளே கிட்டே வந்தாள். என் தட்டு அவள் காலடியில் இருந்தது. மிஷின் விசில் போடவில்லை, வெறும் ரீங்காரம்தான். மெட்டி கிடையாது, வளையல் கிடையாது. அந்த ரீங்காரம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"கம்பி நான் சுத்துனது" என்றாள். "புடி வழுக்குதுன்னாரு. அன்னைக்குச் சாயந்தரம் எறவாரத்துல இருந்து எடுத்துட்டுப் போனாரு. மடைக்குப் போறதுக்கு அருவா எதுக்குன்னு கேட்டேன். கேட்கல."

சப் இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன நாளா ஏம்மா சொல்லல?"

"எங்கிட்ட யாரு கேட்டா?" என்றாள் அவள். "என் கொழுந்தனாருககிட்டக் கேட்டீக. எங்க மாமனாருகிட்டக் கேட்டீக. நான் கதவுக்குப் பின்னாலதேன் நின்னேன். உள்ள ஒரு ஆளு இருக்கான்னு யாராச்சும் எட்டிப் பாத்தீகளா?"

அதிகாரி நல்ல காதை அவள் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வார்த்தையையும் மறுபடி சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். ஜெயிலில் இருப்பவன் மனைவி அங்கேயே மடையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. மற்றவள் அவளைத் தொடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள். அவ்வளவுதான்.

புறப்படும் முன் கோடாங்கி சாக்கோடு வந்தார். பொழுது சாய்வதற்குள் எல்லா ஆணியையும் திருப்பி அடித்தாக வேண்டும் என்று ஊர் நின்றது. ஆணி பிடுங்கியதில் எங்களுக்கும் பங்கு உண்டல்லவா? சுத்தியலும் கல்லுமாக இறங்கினோம். அரசாங்க அதிகாரியும் சப் இன்ஸ்பெக்டரும் நானும் குத்தவைத்துப் பேய்க்கு ஆணி அடித்தோம். கோடாங்கி எங்களை வேலை வாங்கினார். "நேரா அடிங்க சார். சாஞ்சா சந்து வழியா வந்துருவான்."

செத்தவன் மனைவி மட்டும், "என் வீட்டுப் பக்கத் தடத்துல அடிக்க வேணாம்" என்றாள். கோடாங்கி வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் மட்டும் அடிக்காமல் விட்டோம்.

ஜீப்பில் ஏறியதும் அதிகாரி தாளைப் பிரித்தார். "சரி, இப்பச் சொல்லுங்க. இப்படி ஒரு மிஷின் கொடுத்தா உங்க ஸ்டேஷனில் உபயோகிப்பீங்களா?"

சப் இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டார். "உபயோகிப்போம் சார். ஆனா மிஷினோட சேத்து ஆணி புடுங்க ஒரு ஆளும் குடுக்கச் சொல்லுங்க. எங்க ஆளுக லாயக்கில்ல."

அதிகாரி அதையும் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். உண்மையாகவே எழுதினார்.

அவரோடு மதுரை வரை போனேன். அங்கிருந்து அவர் ரயில் ஏறினார். நான் ஒரு லாரியில் ஏறினேன். மிஷின் வாங்கினார்களா என்று எனக்குத் தெரியாது. ஒரு மழைக்காலம் கழித்து அதே லாரியில் வெங்காய மூட்டை ஏற்ற அந்தப் பக்கம் வந்தேன். வண்டியை ரோட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டு வரப்பில் நடந்தேன். மடையில் ஓர் ஆள் மம்பட்டியோடு நின்றான். எனக்கு அவனைத் தெரியாது. அவனுக்கும் என்னைத் தெரியாது. தண்ணீர் அவன் கத்தரியில் பாயவில்லை. செத்தவனின் கனகாம்பரத்தில் பாய்ந்துகொண்டிருந்தது.

"யாருய்யா?" என்றான் சந்தேகமாக.

பதில் சொல்வதற்குள் செடிக்குள்ளிருந்து அவன் மனைவி தலையைத் தூக்கினாள். கழுத்தில் அன்றைக்குக் கத்திய அதே தாலி. என்னைப் பார்த்ததும் கூவினாள்: "ஏங்க, இவருதேன்! ஆணிக்காரரு! காதுல மாட்டிக்கிட்டுத் தேடுனாருன்னு சொன்னேன்ல!"

அவன் மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு, கை இரண்டையும் வேட்டியில் துடைத்தான். மடையைப் பார்த்தான். பிறகு, "இன்னைக்கு அண்ணி மொற" என்றான். "செத்த இருங்க. இந்த வரிசை பாஞ்சிரட்டும், சாப்புடப் போவோம்."

லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் போகவில்லை. அந்த வரிசை பாய்கிறவரை வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.